இருபதடி தூரத்தில் தாய் இருந்தாள்

பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மரில் கிடந்த ஆண் குழந்தை அறுநூறு கிராம். ஆறு மாதத்திலேயே தாய்க்கு ரத்தப்போக்கு கண்டதால் சிசேரியன் செய்து எடுத்தது. ஹார்ட் ரேட் இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டரம்மா மூச்சு கொடுக்க அமுக்கிக்கொண்டிருந்த ஆம்பு பேகைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு மேல செய்ய ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்று அடுத்த கேஸுக்குப் போனார். பகல் பதினோரு மணி இருக்கும்.

காஞ்சிபுரத்தில் பிரசவ வார்டிலேயே ஸ்டாஃப் நர்ஸாகக் காலம் தள்ளியவள் நான். வீடு செவிலிமேடு. பிறந்ததிலிருந்து லுத்தரன் சபை. கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். தாய் பேர் ஷீபா, ஐயம்பேட்டை, மதம் கிறிஸ்தவம். அதற்கு மேல் யோசிக்கவில்லை. உயிர் போகும் குழந்தைக்குப் பாதிரியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். ஸ்டெரைல் வாட்டரை நெற்றியில் மூன்று முறை விட்டு, சாமுவேல் என்று பேரிட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுத்தேன். அதற்கப்புறம் பத்து நிமிஷம் துடிப்பு இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதிகூட எனக்கு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து அறையில் ஷீபா படுத்திருந்தாள். முதுகில் போட்ட ஊசியால் கால்தான் மரத்திருந்தது, நினைவு நன்றாகவே இருந்தது. குழந்தை போய்விட்டதைச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, "கலங்காதம்மா, ஞானஸ்நானம் குடுத்துதான் அனுப்பியிருக்கேன்" என்றேன்.

"எங்க சபையில கொழந்தைக்குக் குடுக்க மாட்டாங்க சிஸ்டர். வளந்து, தானா மனசார இயேசப்பாவ ஏத்துக்கினாதான் முழுக்கு. நீங்க தண்ணி விடலன்னா அவரு சேத்துக்க மாட்டாரா?"

இப்படி ஆற்றில் முழுக்கு கொடுக்கும் சுவிசேஷ சபைக்காரர்களை வார்டில் நான் கேலி பேசியது உண்டு. பாலாற்றில் தண்ணீர் வந்தால்தான் உங்கள் பாஸ்டருக்கு வேலை என்பேன். அன்று கேலி வரவில்லை.

"சேத்துப்பாரும்மா. நாம ஏத்துக்கறதுக்கு முந்தியே அவரு நம்மள அந்தத் தண்ணியில ஏத்துக்கறாருன்னு நாங்க நம்பறோம், அதான்."

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "தண்ணி விடறப்ப உசுரு இருந்திச்சா?"

"இருந்திச்சும்மா."

"அப்ப ஏன் சிஸ்டர் என்கிட்ட தூக்கிக்கினு வரல? நான் ஒரு பேரு வெச்சிருந்தேன். ஒரு வாட்டி கூப்ட்டிருப்பேன்."

வார்மருக்கும் அவள் கட்டிலுக்கும் இருபதடி. அதை நான் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். பிழைக்காது என்று தெரிந்தால் குழந்தையை முதலில் தாயின் மார்பில் வையுங்கள். மற்றதெல்லாம் அவளைக் கேட்டு. ரிட்டையர் ஆகும்வரை நான் அப்படித்தான் செய்தேன்.

ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது அந்தக் குழந்தை ஞாபகம் வரும். சாமுவேல் என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. அவள் வைத்திருந்த பேர் எனக்குத் தெரியாது.