மீட்டருக்கு முன்பே சொன்ன பேச்சியக்கா

இன்று சின்னமனூரில், வாழைத்தார் பழுக்க வைக்கும் அறையின் கரியமில வாயு மீட்டர் சரியாக அளக்கிறதா என்று காலிப்ரேஷன் செய்யப் போயிருந்தேன்.

அங்கே தார் அடுக்கும் பேச்சியக்கா பக்கத்திலேயே நின்றார்.

"உள்ள போனா தலை சுத்துதுன்னு சொன்னேன் தாயி. மீட்டரு நல்லாத்தான் இருக்கு, நீதான் சாப்பிடாம வர்றேன்னு மொதலாளி சொல்லிட்டாக."

சிலிண்டரிலிருந்து அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தினேன். மீட்டர் அதில் பாதியைத்தான் காட்டியது.

பார்த்துக்கொண்டிருந்த முதலாளி முகம் மாறி என்னிடம் கேட்டார்: "எத்தன நாளா இப்படிம்மா?"

பேச்சியக்கா முந்திக்கொண்டார். "எனக்குத் தலை சுத்துன நாள்லருந்துங்கய்யா. தெனம் நாலு இட்லி தின்னுட்டுத்தான் வாரேன்."

மீட்டரைச் சரிசெய்தேன். இனி கதவைத் திறந்து காற்றாடவிட்ட பிறகே யாரும் உள்ளே போகலாம் என்றார் முதலாளி.

சான்றிதழில் 'சரியாக இயங்கும் கருவி' என்ற இடத்தில் என் பேனா ஒரு நொடி நின்றது. நீங்களாக இருந்தால் யார் பெயரை எழுதியிருப்பீர்கள்?