தலைகீழாக நின்ற மலைக்கோட்டை

பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நான் கத்தரிக்காய் வாங்கத்தான் போனேன். வாங்கி வந்தது ஒரு கேமரா.

காய்கறிக் கடைகள் முடிகிற இடத்தில் ஒருவர் தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான்களைப் பரப்பியிருந்தார். மிக்ஸி ஜார், ஃபேன் ரெகுலேட்டர், சாவி இல்லாத பூட்டுகள். அவற்றுக்கு நடுவே, தோல் ஓரங்களில் உரிந்துபோய், ஃபிலிம் போட்டு எடுக்கும் பழைய கேமரா ஒன்று குப்புறக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம். பேட்டரி போடும் இடமே இல்லை. எல்லாம் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். அதைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

காரணம் இருந்தது. சில மாதங்களாக எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூரில் இருக்கும் என் ஆபீஸுக்குப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், பழைய கேமராக்களைப் பிரித்துச் சரிசெய்கிறவர்களின் வீடியோக்களையே போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றாலும் எனக்குத் தெரியாது. ஆனால் அதுவரை நானாக ஒரு திருகாணியைக்கூடக் கழற்றியதில்லை.

“இது வேலை செய்யுமாங்க?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“தெரியாதுக்கா. ஒரு வீட்ட காலி பண்ணாங்க, மொத்தமா அள்ளிட்டு வந்துட்டேன். ஷோகேஸ்ல வச்சா அழகா இருக்கும்.”

ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளிப் பட்டனை அழுத்தினேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி. கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல் இருண்டுபோனது. காட்சியை அந்த ஜன்னலுக்குத் திருப்பிவிட லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி, மேலே எழும்பியது திரும்பி இறங்கவில்லை. இந்த நோயை நான் வீடியோவில் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுக் கிட்டத்தட்ட ஓட்டமாக வந்து பஸ் ஏறினேன்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்தவருக்கு உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனையாக இருந்தது. அதற்கு நடுவில் இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் வேறு நடந்து, இப்போது எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் இருக்கும் கறை வரை தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“கத்தரிக்கா எங்கடி?”

கேமராவை மேஜைமேல் வைத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸைக் கழற்றிக் காட்டினேன். மேலே ஒட்டிக்கொண்டு நின்ற கண்ணாடியைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது.

“ஏன் இறங்கல?”

“மேல போயி முட்டுற இடத்துல ஒரு ஸ்பாஞ்ச் வச்சிருப்பாங்கம்மா. வயசாகி அது தாரு மாதிரி ஆயிடும். அதுல கண்ணாடி ஒட்டிக்கும்.”

“அப்ப தொறந்து சுத்தம் பண்ணணும். அவ்ளோதானே?” என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் போனார். முழங்கை வரை கழுவினார்.

அன்று மதியம் எங்கள் சாப்பாட்டு மேஜை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. அம்மா ஒரு பச்சைத் துணியை விரித்து எவர்சில்வர் தட்டை வைத்தார். “எடுக்கிற வரிசையிலேயே வைக்கணும். மூடும்போது கடைசியிலேர்ந்து வரணும். தட்டுல ஒண்ணு மிஞ்சினாலும் மூடக் கூடாது” என்றார். பல் குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து, கறுப்புப் பிசினை இழை இழையாக எடுத்தார். கண்ணாடியின் பளபளப்பான முகத்தை மட்டும் தொடவேண்டாம், அதன் வெள்ளிப் பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது, துடைத்தால் போய்விடும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். “தெரியுது, தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்காத” என்றார்.

பிசின் போனதும் கண்ணாடி தானாகவே ‘டப்’பென்று கீழே விழுந்தது. கேமராவின் ஜன்னலில் வெளிச்சம் வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா எழுந்து போய் இரண்டு டம்ளர் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த கோளாறு ஷட்டரில், ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரையில். அதன் வேகத்தை வேகமான எண்களில் வைத்தால் ஒழுங்காக ஓடியது. மெதுவான எண்களுக்கு வந்தால் பாதியில் நின்று மூச்சுத் திணறியது. உள்ளே இருக்கும் பல்சக்கரங்களில் பழைய கிரீஸ் இறுகிப்போயிருக்கும் என்று நினைத்தேன். கேமராவின் அடிப்பக்கத் தகட்டைக் கழற்றி, லைட்டரில் ஊற்றும் பெட்ரோலை ஊசிமுனையால் ஒரு சொட்டு வைத்தோம். ஓட்டிப் பார்த்தோம். நின்றது. இன்னொரு சொட்டு. நான் ஆபீஸிலிருந்து வந்ததும் மறுபடி இதே வேலை. ஒரு சாயங்காலம் நான் படியேறும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. ‘ஸ்ர்ர்ர்ரக்’ என்று முழுதாக ஒரு நொடி நீளும் சத்தம். கதவைத் திறந்தால் அம்மா கேமராவைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றார்.

“கேளு. நின்னு நின்னு போகல. ஒரே சீரா ஓடுது.”

போனில் மெதுவாக ஓடும் வீடியோவாக ஷட்டரைப் படம் எடுத்துப் பார்த்தோம். துணித்திரை இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே ஓடின. அம்மா அந்த வீடியோவை அன்று மட்டும் எத்தனை முறை பார்த்தார் என்று தெரியாது.

இந்தச் சந்தோஷத்தில்தான் அவர் அதைச் செய்தார். அம்மாவோடு ஒன்றாக நர்ஸிங் படித்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. எல்லாரும் காவிரிக் கரையில் முக்கொம்பில் கூடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். அதில் அம்மா ஒரு குரல் செய்தி போட்டுவிட்டார். “எல்லாரும் நல்ல புடவையா கட்டிட்டு வாங்க. ஃபிலிம் கேமராவுல எடுக்கப்போறோம். நானும் என் பொண்ணும் சேர்ந்து ரிப்பேர் பண்ணது.”

“அம்மா, லென்ஸ இன்னும் தொடவே இல்லையே.”

“அதான் இன்னும் நாள் இருக்குல்ல.”

லென்ஸ்தான் எங்களைப் படுத்தியது. உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மெல்லிய தகடுகளில் எண்ணெய் ஏறி, அவை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. தூரத்தைச் சரிசெய்யத் திருகும் வளையமோ, கெட்டியான நெய்யில் கரண்டியைச் சுற்றுவது போலச் சுற்றியது. முன்வளையத்தைக் கழற்ற, பாத்திரம் கழுவும் தொட்டியின் ரப்பர் மூடியை அதன்மேல் அழுத்திச் சுற்றினேன். ‘கிறீச்’ என்று விட்டுக்கொடுத்தது. பூஞ்சைக்கு அம்மா ஹைட்ரஜன் பெராக்ஸைடு எடுத்து வந்தார். தகடுகளைச் சுத்தம் செய்து உலர்த்தியதும் அவை பூ கூம்புவது போல் மூடித் திறந்தன. மூடித் திறந்தன. எங்களுக்குச் சாப்பிட எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

அந்த வேகத்தில் அம்மா தூர வளையத்தையும் சுற்றினார். சுற்றிக்கொண்டே போனார். அது சட்டென்று இரண்டாகக் கழன்று ஒவ்வொரு கையிலும் ஒன்றாக வந்துவிட்டது.

“எந்த இடத்துல கழண்டுச்சு? கோடு போட்டியா?” என்று கேட்டேன்.

அம்மா இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். “இல்லையே” என்றார்.

இதில் என்ன ஆபத்து என்றால், அந்த வளையத்தின் திருகு மரையில் ஓர் இழை இல்லை, பல இழைகள் பின்னிப் போகின்றன. எந்த இழையில் தொடங்கி மாட்டினாலும் மாட்டிக்கொள்ளும், அழகாகச் சுற்றும். ஆனால் சரியான ஓர் இழையில் மாட்டினால்தான் தொலைவில் இருப்பது தெளிவாக விழும். மற்றதில் எல்லாமே மங்கல். முக்கொம்புக்கு இருந்ததோ ஒரு வாரம்.

பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக லேசாகத் தடவி மாட்டினோம். சரிபார்க்கத் தொலைவில் அசையாமல் நிற்கும் ஒன்று வேண்டும். அதற்கு எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி போதும். ஒருபக்கம் ராஜகோபுரம், இன்னொரு பக்கம் தென்னந்தோப்புக்கும் ஆற்றுக்கும் அப்பால் மலைக்கோட்டை. கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை ஒட்டினேன். ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தினேன். வெளிச்சம் கண்ணில் படாமலிருக்க அம்மா கறுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டார். துணி காயப்போட வந்த மூன்றாம் மாடி மாமி, “என்ன, உடம்புக்கு முடியலையா?” என்று விசாரித்தார்.

போர்வைக்குள்ளிருந்து அம்மா, “ஒண்ணுமில்ல மாமி, மலைக்கோட்டைய பாக்குறேன்” என்றார்.

முதல் இழையில் மங்கல். கழற்றி அடுத்த இழையில் மாட்டினோம். அதுவும் மங்கல். அதற்கடுத்ததில் வளையம் முழுதாகச் சுற்றவே இல்லை. வெயில் ஏறியது. நான் நம்பிக்கை இழந்து, ஓர் ஓரத்தில் உட்கார்ந்து வேறொரு லென்ஸ் எங்காவது கிடைக்குமா என்று போனில் தேடத் தொடங்கினேன். அம்மா விடவில்லை. தானே கழற்றினார், தானே மாட்டினார். பிறகு போர்வைக்குள் போனார். வளையத்தை மெல்லத் திருப்பும் விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“இங்க வா” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

போர்வைக்குள் நானும் நுழைந்தேன். உள்ளே அனல். டிரேசிங் பேப்பரில், ஒரு தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில், மலைக்கோட்டை தலைகீழாக நின்றது. பாறையின் மடிப்புகள் தெரிந்தன. உச்சிப் பிள்ளையார் கோயில் கீழே தொங்கியது, அதன் தூண்களுக்கு நடுவில் இருக்கும் இருட்டுவரை பிரிந்து தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அம்மாவின் முகம் என் தோளில் இடித்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். போர்வை நழுவிக் கீழே விழ, மலைக்கோட்டை வெளிச்சத்தில் கரைந்துபோனது. மாமி இன்னும் அங்கேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கொம்புக்கு வேனில் போனோம். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, புளியோதரைத் தூக்கு. கேமரா அம்மாவின் கழுத்தில்தான் தொங்கியது. ஆற்றுப் பக்கம் மரநிழலில் எல்லாரையும் நிற்கவைத்து நான் எடுத்தேன். இருவர் இருவராக, பிறகு மொத்தமாக. எல்லாரும் அடையாள அட்டைக்கு நிற்பது போல் விறைப்பாக நின்றார்கள். ஒவ்வொரு படத்துக்கும் லீவரைத் தள்ளினேன். எடுத்த படங்களை எண்ணும் எண்காட்டியும் ஒழுங்காக நகர்ந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது கேமராவை வாங்கிப் பார்த்த அம்மா, லீவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“ஏண்டி, ஃபிலிம் சுத்துற இந்தப் பக்கத்துக் குமிழு, லீவர தள்ளும்போது கூடவே சுத்தணும்ல?”

“ஆமா.”

“சுத்தலையே.”

குமிழை மெல்லத் திருப்பினேன். பிடிமானமே இல்லாமல் தளர்வாகச் சுற்றியது. காலையில் நான் ஃபிலிம் போட்டபோது அதன் நுனி எதிர்ப்பக்கத்து உருளையில் மாட்டாமலே நழுவியிருக்கிறது. லீவர் வெறுமனே ஓடியிருக்கிறது. அதுவரை எடுத்த ஒரு படம்கூட விழவில்லை; ஃபிலிம் முழுதும் அதன் டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

இலையில் புளியோதரையோடு எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நிழலில் உட்கார்ந்து கதவைத் திறந்தார். நுனியை நன்றாக இழுத்து உருளையின் பிளவில் செருகி, இரண்டு பக்கத் துளைகளும் பற்களில் உட்கார்ந்தனவா என்று குனிந்து பார்த்தார். மூடினார். லீவரைத் தள்ளினார். குமிழ் சுற்றியது. தலையைத் தூக்கித் தோழிகளைப் பார்த்தார்.

“எழுந்திரிங்க. முதல்லேர்ந்து எடுக்கணும்.”

“நான் இன்னும் மோர்சாதமே சாப்பிடலடி” என்றார் ஒருவர்.

“இலையோட வா. அப்படியே எடுக்குறேன்.”

அதன்பின் யாருக்கும் விறைப்பு இல்லை. ஒருவர் இலையைத் தூக்கிக்கொண்டே நின்றார். இன்னொருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரம் போய் உட்கார்ந்தார். கூட்டத்திலேயே அமைதியானவர், பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொல்ல, கேட்டவர் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். இம்முறை பாதிப் படங்களை அம்மா எடுத்தார். ஒவ்வொரு முறையும் குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஃபிலிமைக் கழுவ வெளியூருக்கு அனுப்பினோம். பத்து நாள் போல ஆனது. படங்கள் மெயிலில் வந்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். திறக்கவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் திறந்தேன்.

இரண்டு படங்கள் அதிக வெளிச்சத்தில் வெளுத்திருந்தன. சிலவற்றில் ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. பின்கதவின் கீல் பக்கம் ஏதோ இடுக்கில் வெளிச்சம் கசிந்திருக்கிறது. மற்றதெல்லாம் வந்திருந்தது. தண்ணீரின் சிற்றலை, மல்லிகைச் சரத்தின் நார், இலையில் ஒட்டியிருந்த பருக்கைகள். சிரித்துக் கீழே உட்கார்ந்தவரின் படத்தில் அவர் கண்ணோரத்து ஈரம்கூடப் பளிச்சென்று இருந்தது. அதை எடுத்தது அம்மா.

அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்காமலேயே குரூப்பில் போட்டார். உடனே போன் அடித்தது. படத்தில் இருப்பவரேதான். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“இது நானாடி? நான் சிரிச்சா இப்படியா இருக்கும்?”

“நீதான். வேற யாரு?” என்றார் அம்மா. “கை கொஞ்சம்கூட ஆடாம உன் முகத்த அப்படியே பிடிச்சிருக்கேன் பாரு.”