இருநூற்று எண்பது வளைவுகள்

சிதம்பரம்–கடலூர் ரூட்டில் இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர் சுப்பராயலு. அந்த ரூட்டில் மேடு என்றால் வெள்ளாற்றுப் பாலம்தான். ஆனால் ஏற்காட்டுக்கு எத்தனை வளைவு, வால்பாறைக்கு எத்தனை வளைவு என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அண்ணாமலை நகர் மாணவர்கள் டூர் போவதென்றால், டிக்கெட் எடுக்கிறார்களோ இல்லையோ, அவரிடம் வழி கேட்காமல் போக மாட்டார்கள்.

அத்தனையும் காலண்டரில் பார்த்த மலைகள். நாளெல்லாம் ஊர் சுற்றுகிற மனுஷனுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். டிரைவர் பார்ப்பதெல்லாம் முன்னால் போகிற லாரியின் முதுகுதான். கண் மூடுவதற்குள் ஒரு மலைப்பாதையை ஆசை தீரப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

2009 தை மாசம் மைத்துனன் சிங்காரத்தின் ஆம்னி வேனை இரவல் வாங்கி, விடியற்காலையில் கொல்லிமலைக்குக் கிளம்பினார். எழுபது கொண்டை ஊசி வளைவு. மனைவி சௌந்தரம் புளிசாதத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே தூங்கிப்போனாள்.

புவனகிரி பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், பழகிய கை கடலூர் ரோட்டைப் பிடித்தது. புதுச்சத்திரத்தில் வண்டி நின்றது. ஆலப்பாக்கத்தில் நின்றது. அங்கே மீன்கூடையோடு ஓர் அம்மா கதவைத் திறந்து பின்னால் ஏறி உட்கார்ந்தும் மனுஷனுக்கு உறைக்கவில்லை. கடைசியில் பஸ்ஸோடு பஸ்ஸாகக் கொண்டுபோய் நிறுத்தியபோதுதான் சௌந்தரம் கண் விழித்தாள்.

"கொல்லிமல வந்துடுச்சா?"

"மலையாவது ஒண்ணாவது. கடலூர் பஸ் ஸ்டாண்டு, எறங்கும்மா," என்றாள் மீன்காரம்மா.

சௌந்தரத்தின் சிரிப்பு அடங்க விருத்தாசலம் ஆகிவிட்டது.

மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன், ஒவ்வொரு வளைவுக்கும் கியர். "ஐயோ, எம்மாம் பள்ளம்! அங்க பாருங்க, மேகம் நமக்குக் கீழ போவுது!" என்று சௌந்தரம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

"பேசாம வா. எதுத்தாப்ல வண்டி வருது," என்றார் அவர்.

சோளக்காட்டில் டீக்கடை முன்னால் நிறுத்தினார்கள். "எப்பிடி இருந்திச்சி?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"நான் எங்க பாத்தேன்? வளைவு நம்பர் போட்ட எழுபது போர்டையும் பாத்தேன். மலைய நீதான் பாத்த." இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க முடியவில்லையே என்று அவருக்கு அழுகையாக வந்தது.

அந்த நேரம் பார்த்து, கீழே இறங்குகிற நாமக்கல் பஸ் வந்து நின்றது. சுப்பராயலு டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"வா, இதுல எறங்குவோம்."

"சிங்காரம் வண்டி?"

"இங்கயே நிக்கட்டும். அடிவாரத்துல எறங்கி, மேல வர்ற பஸ்ல ஏறி வந்து எடுத்துக்கலாம்."

சௌந்தரம் விரல் விட்டு எண்ணினாள். "வந்தது எழுபது, இப்ப எறங்க எழுபது, மறுபடி ஏற எழுபது, வண்டிய எடுத்துகிட்டு எறங்க எழுபது. இரநூத்தி எம்பது! குடல் வெளிய வந்துடும் எனக்கு." எண்ணி முடிப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏறியவளும் அவள்தான்.

பஸ் டிரைவர் சுப்பராயலுவின் காக்கி பேண்டைப் பார்த்துவிட்டார். "அண்ணே, ஸ்டாஃபா? முன்னாடி வாங்க, பேசிகிட்டே போவலாம்."

'ஸ்டாஃப்' என்ற ஒரு சொல் போதும், எந்த ஊர் பஸ்ஸிலும் டிரைவர் பக்கத்தில் இடம் கிடைக்கும். இத்தனை வருஷமும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஏறியிருக்கிறார். ஆனால் அங்கே உட்கார்ந்தால் கண் மறுபடி ரோட்டுக்குத்தான் போகும்.

"இல்லீங்க. பாசஞ்சரு," என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

முதல் வளைவில் அவர் வலது கால் தரையை அழுத்தியது. இரண்டாவதிலும் அழுத்தியது.

"காலை எடுங்க. அது பிரேக்கு இல்ல, என் செருப்பு," என்றாள் சௌந்தரம்.

பத்துப் பன்னிரண்டு வளைவு வரைக்கும் செருப்பு மிதிபட்டது. அப்புறம் மிதிபடவில்லை. என்ன ஆச்சு என்று அவள் திரும்பிப் பார்த்தாள். மனுஷன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

"ஏங்க, பயமா இருக்கா?"

"கொஞ்சம் சும்மா இரு சௌந்தரம்," என்றார் திரும்பாமலேயே. "பாத்துகிட்டு இருக்கேன்."