நங்கை வேண்டிய பூவோடு

மாரப்பன் சென்னை ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவைதான் போனார். போன அன்றைக்கு வாசலில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, மகன் தரணிதரனை விட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் உள்ளே அவர் மனைவி வேலாமணி, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, இடது மார்பைத் திறந்து போட்டு, அசையாமல் படுத்திருந்தாள். போட்டோவில் அவள் இல்லை. ஆனாலும் அவளுக்கு நடந்த வைத்தியத்துக்குச் சாட்சியாக, நீலகிரியில் அவர்கள் ஊரான பிக்கட்டியில் எல்லோருக்கும் அந்தப் போட்டோதான் காட்டப்பட்டது.

அவர் இலை ஏஜென்ட். சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலையை வாங்கி, வேனில் ஏற்றி பேக்டரியில் கொண்டுபோய்ப் போடுவது தொழில். இலைக்கு விலை விழுந்து, இன்றைக்கு வேண்டாம் என்று பேக்டரிக்காரர்கள் சாக்குகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பறிக்காத இலை செடியிலேயே முற்றியது. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஏஜென்டிடம் நழுவினார்கள். மாரப்பனுக்கு வெளியே சொல்லிக்கொள்ள வேறு பெருமை எதுவும் மிஞ்சவில்லை. பெண்டாட்டியின் வியாதிதான் கையில் இருந்தது.

டீக்கடையிலும் எடை போடுகிற இடத்திலும் அவர் சொல்வது ஒரே பேச்சுதான். "நம்மூர்க்காரங்க போய் வெச்சுக்கிட்டு வர்ற கரன்ட் இல்லீங்க இது. புரோட்டான். எடம் பாத்துப் போய் நின்னுக்கும். தோல் கருகாது, சோர்வு வராது, தலைமுடி கொட்டாது."

புற்றுக்கட்டி இடது மார்பில் இருந்ததால், இதயத்தில் கதிர் அதிகம் படாமல் இருக்க இந்தப் புரோட்டான் கதிர் வைத்தியம் நல்லது என்று டாக்டர்கள் சொன்னார்கள். மகனுடைய கம்பெனி இன்சூரன்ஸில் அது முடிந்தது. அவ்வளவும் உண்மை. மிச்சமெல்லாம் மாரப்பன் சேர்த்துக்கொண்டது. மார்பில் வைக்கிற கதிருக்குத் தலைமுடி ஏன் கொட்டப்போகிறது என்று வேலாமணி கேட்கவில்லை. காரமடையில் எட்டாவதோடு நின்று, கல்யாணமாகி மலையேறியவள் அவள். சாக்கின் மேல்பக்கம் கொழுந்தும் அடியில் முத்தல் இலையுமாக வைத்து இந்த மனிதர் கட்டுவதை, வந்த முதல் வாரமே பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவர் மேல் இருந்த மதிப்பை மட்டும் மனசுக்குள் இறக்கி வைத்தாள். அதைத் திரும்ப ஏற்றுகிற மாதிரி அவரும் எதுவும் செய்யவில்லை.

கதிர் வைக்கும்போது ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாவது வாரத்துக்கு மேல்தான் மார்பு, உச்சி வெயிலில் நாள் முழுக்க நின்றது போலக் காந்த ஆரம்பித்தது. அங்கிருந்த ஒரு நர்ஸ் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்: எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் புண் அதிகமாகும், பயப்பட வேண்டாம், அப்புறம் தானாக ஆறும். எண்ணெய் தைலம் எதுவும் கூடாது, கம்பளித்துணி உரசக்கூடாது, சூடு மட்டும் ஆகவே ஆகாது. மூன்று நான்கு வாரம் யாரும் தொந்தரவு பண்ணாமல் விட்டால் போதும் என்றாள். வேலாமணிக்குத் தன் வாழ்க்கையில் வேறு எதன் மேலும் இவ்வளவு ஆசை வந்ததில்லை. மூன்று நான்கு வாரம், யாரும் தொந்தரவு பண்ணாமல்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் தோல் கறுத்துத் தடித்தது. அக்குளிலும் மார்புக்கு அடியிலும் வழன்று நீர் கசிந்தது. மார்பு வீங்கிக் கனத்தது. சோறு இறங்கும்போது நெஞ்சுக்கு மேலே உறுத்தியது. எல்லாவற்றையும் விட மோசம் அந்தச் சோர்வு. தூங்கி எழுந்தாலும் அப்படியே இருந்தது. சமையலறையிலிருந்து வாசல் வரை போனால் திரும்பிவரத் தெம்பில்லை.

மாரப்பனுக்குக் கோபம் வந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள் பழுதாக வந்துவிட்டதைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவளைப் பார்க்க ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு தோட்டக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் முன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து சிரித்துவிட்டுப் போ என்றார். குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் நின்றால் ஏதோ ஆகிவிட்டது என்று ஊர் நினைக்குமாம். தொளதொளத்த பழைய காட்டன் சட்டையில் அவள் வந்து நின்றாள். அவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

இந்தச் சமயத்தில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து காளியம்மாள் வந்து இறங்கினாள். மாரப்பனுக்கு அக்கா, வேலாமணிக்கு நங்கை. வந்ததும் வராததுமாக நீலகிரித் தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு அறைக்குள் நுழையப் பார்த்தாள். வேலாமணி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்றபடியே நங்கை விஷயத்தைச் சொன்னாள். வைத்தியம் நல்லபடியாக முடிந்தால், இந்த வருஷத் திருவிழாவில் வேலாமணி பூவோடு எடுப்பாள் என்று மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறாள். தீ எரிகிற மண்சட்டியை நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு, கடைவீதி முழுக்க நடந்து கோயிலுக்குப் போக வேண்டும். திருவிழா அடுத்த வாரம். ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியும் ஆகிவிட்டது.

மாரப்பன் அன்று ஒரு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டார். நழுவிப்போன தோட்டக்காரர்கள் எல்லோரும் திருவிழாவுக்கு வருவார்கள். புரோட்டான் வைத்துக்கொண்ட பெண்டாட்டி நெருப்புச் சட்டி தூக்குவதை அவர்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்? மஞ்சள் சேலை வாங்கிவர ஊட்டிக்கு ஆளனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேலாமணி வந்து நின்றாள்.

"நான் பூவோடு எடுக்க மாட்டனுங்க."

நங்கை சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "சாமிக்குச் சொன்னது கண்ணு. அம்மன் நெருப்பு சுடாது."

"டாக்டர் சூடு ஆகாதுன்னுட்டாங்க."

"டாக்டருக்கு மாரியாத்தாளத் தெரியுமா?"

மாரப்பன் குரலை உயர்த்தினார். பத்து நிமிஷ நடைதான், கூடவே ஆள் வருவார்கள், மனசு வைத்தால் முடியும் என்றார். அவருக்கு முழங்கால் வலித்தால் வேன் டிரைவர் வந்து செருப்பு மாட்டிவிட வேண்டும். அப்படிப்பட்டவர் மனசு வைப்பதைப் பற்றிப் பேசினார்.

வேலாமணி சட்டைப் பொத்தானைக் கழற்றி இடது பக்கத்தை விலக்கினாள். சென்னையிலிருந்து வந்த பிறகு அவர் அதைப் பார்த்ததே இல்லை.

"பாத்துட்டுச் சொல்லுங்க."

மாரப்பன் சுவரில் தொங்கிய பேக்டரி காலண்டரைப் பார்த்தார். அதில் என்ன தேதி என்று கேட்டிருந்தால்கூட அவரால் சொல்லியிருக்க முடியாது. "மூடு, மூடு. சாப்பிடற எடத்துல" என்றார்.

நங்கை பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இலையை ஒரு சாண் தள்ளி வைத்தாள். பிறகு, வேண்டுதலை விட மனசில்லாமல், "நெருப்புச் சூடு பட்டா காஞ்சு போயிரும்" என்று முணுமுணுத்தாள்.

இருவரையும் வேலாமணி நிதானமாகப் பார்த்தாள். பயப்பட இவர்களிடம் என்ன இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு விளங்கவில்லை. ஒருவருக்குக் கண்ணெடுத்துப் பார்க்கத் துணிச்சல் இல்லை. இன்னொருத்திக்கு, அடுத்தவள் உடம்பை வைத்துச் சாமியிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும். பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"வேண்டிக்கிட்டவங்க யாரோ அவங்களே எடுங்க."

"எனக்குச் சர்க்கரை இருக்குது, புண்ணு வந்தா ஆறாது" என்று நங்கை பதறினாள். சொன்ன பிறகும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மாரப்பன் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஊரெல்லாம் சொல்லியாச்சு. நீ வரலீன்னா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"போட்டோவுல இருக்குதுல்லீங்க" என்றாள் வேலாமணி. அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் தட்டினார்கள், கெஞ்சினார்கள். மகனுக்கு போன் போட்டு, உங்க அம்மா சாமி குத்தம் ஆக்கிட்டா என்று சொன்னார்கள். மகன் சென்னையிலிருந்து, அம்மா படுத்திருக்கட்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். வேலாமணி பசித்தபோது வெளியே வந்தாள், சாப்பிட்டாள், திரும்பவும் போய்ப் படுத்தாள். திருவிழா அன்று காலையில் மஞ்சள் சேலையைக் கதவுக்கு வெளியே நாற்காலியில் போட்டு வைத்திருந்தார்கள். அவள் அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கடைசியில் இருவரும் அவளில்லாமலே கிளம்பினார்கள்.

வீடு முழுக்க அவளுக்கே இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு, வாசல் பக்கம் முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புண்ணில் காற்றுப் பட்டது. தூரத்தில் மேளம் கேட்டது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

உச்சி சாய்ந்ததும் பக்கத்துத் தோட்டக்காரர் போஜனின் மனைவி மாதி, பொங்கலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு வந்தாள். வேலாமணி சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். மாதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். பூவோட்டை யார் எடுப்பது என்று கோயில் வாசலில் பூசாரி கேட்டிருக்கிறார். நங்கை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் மாரப்பனைப் பார்த்தது.

"உங்க ஊட்டுக்காரரு என்ன சொன்னாரு தெரியுமா அக்கா?" மாதி வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த மெசினோட பவர் இன்னும் ஒடம்புக்குள்ளயே நிக்குதாம். நெருப்புப் பக்கம் போனா நெருப்பு தாங்காதாம். அதனால சென்னை டாக்டரே போன் பண்ணி வேண்டாம்னுட்டாராம். நம்ம ஆளுங்களும் வாயப் பொளந்துட்டுக் கேட்டாங்க."

வேலாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அக்குளில் இழுத்துப் பிடித்தது, அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பொங்கலில் இரண்டு வாய் மெதுவாக விழுங்கினாள். சாயங்காலம் அவர்கள் வந்து கூப்பிட்டால் அக்கா தூங்குகிறாள் என்று சொல்லிவிடு என்று மாதியிடம் கேட்டுக்கொண்டாள். மாதி வெளிக்கதவைச் சாத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

புண் ஆற இன்னும் பதினைந்து நாளுக்கு மேல் ஆயிற்று. காய்ந்த தோல் சுருண்டு உரிந்து, அடியில் வெளிறிய புதுத்தோல் வந்தது. அதை அவள் யாரிடமும் காட்டவில்லை. வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.