அக்காவின் மூக்கு

பாகு காய்ச்சும் தங்கைக்கு வாசனை தெரியாது. ஏழு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதை அவள் பெரிய குறையாக நினைத்ததில்லை. நான்கு வயது மூத்த அக்காவுக்குத்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து மூக்கு இருந்ததே! கீழ்வீட்டில் பால் பொங்குவதற்கு முன்பே இங்கிருந்து குரல் கொடுப்பாள். அப்பா வழியில் அத்தைமார் மூன்று பேரும் அப்படித்தான். அதிலும் சின்ன அத்தை, மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எங்கே போய்விட்டு வருகிறார் என்று சொல்லிவிடுவாளாம். பாவம் அந்த மனுஷன்.

அக்காவுக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை, தங்கைக்கு அமையவே இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு கூடம், ஒரு உள்ளறை, நடையின் கடைசியில் சமையலறை. பேரிக்காயைப் பாகில் வேகவைத்துப் பாட்டிலில் அடைத்து, இரண்டு பேக்கரிக்கும் ஒரு ஓட்டலுக்கும் கொடுத்துப் பிழைத்தார்கள்.

காம்பை விட்டுவிட்டுத் தோலைச் சீவி, பழம் கறுக்காமல் இருக்க எலுமிச்சைத் தண்ணீரில் போட வேண்டும். சட்டியில் சர்க்கரை கரைந்து சூடேறியதும் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ கட்டிய துணி மூட்டையோடு பழத்தை இறக்க வேண்டும். பழம் மிதக்காமல் இருக்க, நடுவில் ஓட்டை போட்ட வட்டக் காகிதத்தை மேலே படியவிட வேண்டும். பாகு கொதிக்கக் கூடாது, சிலிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவும் தங்கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூட்டையை எடுக்கும் நேரம் மட்டும் பிடிபடாது. முந்தினால் வெறும் சர்க்கரைத் தண்ணீர், பிந்தினால் கிராம்பு ஏறிக் கசந்துவிடும்.

"அக்கா, வந்துருச்சா?" என்று தங்கை அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"இன்னும் வரலடி" என்று உள்ளறையிலிருந்து பதில் வரும். கொஞ்ச நேரம் கழித்து, "வந்துருச்சு, எடு."

முப்பது வருஷம் இப்படியே ஓடியது. ஒருதரம், "ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாக்கட்டாக்கா?" என்று கேட்டதற்கு, "நக்கிப் பாக்குற வேலையெல்லாம் வேணாம். எச்சில் பண்ணுன பண்டத்தை எவன் வாங்குவான்? நீ அடுப்பைப் பாரு, மூக்கை நான் பாத்துக்கிறேன்" என்று வாயை அடைத்துவிட்டாள்.

கடைசி இரண்டு வருஷம் அக்கா படுத்த படுக்கை. அப்போதும் மூக்கு மட்டும் படுக்கவில்லை. ஒரு மத்தியானம் தண்ணீர் கேட்டாள், கொண்டு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தங்கை மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். பாகு சிலிர்த்தது. பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, வந்துருச்சா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் உள்ளறையிலிருந்து பதில் வந்தது.

"இன்னும் வரலடி."

ஓடிப்போய்ப் பார்த்தால் சுருட்டி வைத்த மெத்தை சுருட்டியபடியே இருந்தது. திரும்பி வந்து அடுப்படியில் நின்றாள். "வந்துருச்சு, எடு" என்றது குரல். எடுத்தாள். பாகு அப்படி அமைந்திருந்தது. பேக்கரிக்காரரே போன் போட்டுப் புகழ்ந்தார்.

பயம் இருந்தாலும் ஆசையும் இருந்தது. கூடப் பிறந்தவள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஒவ்வொரு சட்டிக்கும் கேட்டாள். நாலாவது சட்டிக்குத்தான் ஒன்று உறைத்தது. குரல் உள்ளறைக்குள்ளிருந்து வரவில்லை, அறை வாசலிலிருந்து வந்தது. அடுத்த வாரம் நடையில், பிரிட்ஜ் பக்கம். அதற்கடுத்த வாரம் சமையலறை நிலைப்படியில். அதற்கும் அடுத்த சட்டிக்கு, "அக்கா, வந்துருச்சா?" என்று கேட்டதும் முதுகுக்குப் பின்னால் பதில் வந்தது.

"வந்துட்டேன்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் மூட்டையை எடுத்தாள். அத்தனையும் கசப்பு. ஓட்டலிலிருந்து பாட்டில்கள் அப்படியே திரும்பி வந்தன.

விஷயம் அதே ஊரில் குடும்பத்தோடு இருக்கும் தம்பி காதுக்குப் போயிற்று. லிஃப்ட் மெக்கானிக், எதையும் ஒரே பேச்சில் முடிப்பவன்.

"சின்னக்கா, மூக்கு இல்லாம இந்தத் தொழில் எதுக்கு? ஞாயித்துக்கிழமை வரேன். ஒரு சட்டி போடு. கசந்துச்சுன்னா பேச்சே கிடையாது, வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடு. ஹால்ல ஒரு கட்டில் போட்டுத் தரேன்."

ஹாலில் கட்டில், தம்பி பெண்டாட்டியின் அடுப்பு, கேட்டு வாங்கிக் குடிக்கும் காப்பி. அதற்கு இந்த வீட்டில் பேயோடு இருக்கலாம் போலிருந்தது. ஆனால் பேயிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் இனி அவள் எங்கே வந்து நிற்பாள்? முதுகுக்கு அப்புறம் என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை தம்பி கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்தான். இவள் தனியாக ஒரு சின்ன ஸ்பூனை எடுத்து வைத்துக்கொண்டாள். பாகு சிலிர்க்க ஆரம்பித்ததும் பிடரியில் ஜில்லென்று மூச்சுப் பட்டது.

"கேளுடி."

அவள் திரும்பவில்லை. ஒரு சொட்டை ஆற்றி நாக்கு நுனியில் வைத்தாள். இனிப்பு மட்டும்தான்.

"கேக்க மாட்டியா? அவ்வளவு பெரிய மனுஷி ஆயிட்டியா?"

இன்னொரு சொட்டு. இனிப்புதான்.

"எச்சில் பண்றியாடி?"

மூன்றாவது சொட்டில் நாக்கு நுனி லேசாக மரத்தது. பல்வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொண்டால் மரக்குமே, அதில் கால்வாசி. மூக்கு செத்தாலும் நாக்கு சாகவில்லை என்று ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டாள். மூட்டையை வெளியே எடுத்துத் தட்டில் போட்டாள்.

பிறகு, இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அக்கா கேட்டாள்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு" என்றாள் தங்கை.

"அப்ப நான் வரட்டுமா?"

யார் விடைபெற்றாலும் 'போயிட்டு வா' என்றுதான் நாக்கு புரளும். புரண்டது. போயிட்டு என்பது பல்வரைக்கும் வந்துவிட்டது. அதன் வாலில் தொங்கும் 'வா'வை நினைத்ததும் உடம்பு குளிர்ந்தது. மொத்தத்தையும் விழுங்கினாள். பெற்ற தாய்க்கு அடுத்தவளைப் பார்த்து யாரும் சொல்லாத ஒற்றைச் சொல்லைச் சொன்னாள்.

"போ."

தம்பி பேப்பரோடு எழுந்து வந்தான். "யாரை போங்குற? என்னையா?"

"ஆமாண்டா, உன்னைத்தான். தின்னு பாத்துட்டுப் போ."

ஒரு பழத்தைக் காம்பைப் பிடித்துத் தின்றான். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டான். "கசக்கல" என்றான், தோற்றுப்போனவன் மாதிரி. "சரி, இரு உன் இஷ்டம். வரேன்க்கா."

அவள் 'போயிட்டு வா' என்று சொல்லவில்லை. வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு காலடி, மெதுவாக, ஒவ்வொரு படியாக.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் தம்பி நின்றான். பின்னால் வந்ததும் நின்றது.

"நீ எதுக்குக்கா கூடவே இறங்கி வர? முட்டி வலிக்கப் போகுது" என்று அவன் சொல்வது கேட்டது. பிறகு, சிரித்துக்கொண்டே, "சரி, வா வா."

மேலே அவள் கதவைச் சத்தம் வராமல் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள்.