காலி டாங்கர்

பெட்ரோல் டாங்கர் ஓட்டிய பதினைந்து வருஷத்தில் நான் ஒரு பீடி பிடித்ததில்லை. ஸ்ரீரங்கத்துக்கு லோடு கொண்டுபோனால் காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே ஊர்வேன். "என்ன டிரைவரே, பொண்ணு அழைப்பு ஊர்வலமா?" என்று சைக்கிள்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டுமே, பின்னால் இருப்பது தண்ணீரா என்ன? தென்னூர் கடைத்தெருவில் டீக்குக்கூட நிறுத்த மாட்டேன். இதையெல்லாம் சொல்லிக்கொள்வதில் இப்போது பெருமை இல்லை. அலுப்புதான்.

அறுபதுகளில் ஓர் ஆயுத பூஜை. ஸ்ரீரங்கத்தில் லோடு இறக்கிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பியிருந்தோம். கிளீனர் என் மனைவியின் தம்பி. அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டினான். மிச்சம்மீதி வடியட்டும் என்று டாங்கின் பின்குழாயைத் திறந்துவிட்டிருந்தோம்.

சூடம் ஏற்றும்போது தயங்கினான்.

"வேணாம் அத்தான். சூடம் காட்டாட்டி சாமி கோவிச்சுக்குமா?"

விடியற்காலையிலிருந்து ஓட்டிய களைப்பு எனக்கு. சிடுசிடுத்தேன். "லோடு இருந்தா நானே விடுவேனாடா? வண்டி காலிதானே. சுத்திக் காட்டிட்டு வா, வீட்டுக்குப் போகணும்."

முன்பக்கம் காட்டிவிட்டுத் தட்டோடு பின்பக்கம் போனான். குபீர் என்று ஒரு சத்தம். அப்புறம் அவன் அலறல்.

பெட்ரோலை இறக்கினாலும் ஆவி டாங்கில் நிற்கும், நிறைந்த டாங்கைவிட அதுதான் பொல்லாதது என்று டிப்போவில் தந்த காகிதத்திலேயே இருந்ததாம். இங்கிலீஷ் காகிதம். அடியில் என் கையெழுத்து. மாசாமாசம் போட்டிருக்கிறேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. அட மடையா, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்!

புத்தூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். பத்தாம் நாள் என் மனைவி அழுதுகொண்டே என்னிடம் கேட்டாள். "நெருப்பு விஷயத்துல அவ்வளவு கண்டிப்பா இருப்பீங்களே, எப்படிங்க இவனை விட்டீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அத்தான் வேணாம்னுதான் சொன்னாருக்கா. நான்தான் கேக்கலை."

நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் அவன் போய்விட்டான்.

அதன்பிறகும் ஏழெட்டு வருஷம் ஓட்டினேன். காலி டாங்கின் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை விட்டதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி தம்பியின் கதையைச் சொல்வாள். "இவரு தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. அவன்தான் கேக்கலை."

நேற்றும் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.