எந்தப் புனிதர் என்று சொல்லாத யசிந்தாக்கா

குருநகர்க் கரையில் யசிந்தாக்காவைத் தெரியாதவர் இல்லை. விடியமுன் மீன் எடுத்து, பனையோலைக் கடகத்தைத் தலையில் வைத்து, பஸ்ஸேறிச் சண்டிலிப்பாய் வரை போய் விற்றுவிட்டு வருவார். நல்ல விசுவாசி. ஆனால் வாயைப் பூட்டத் தெரியாத மனுசி என்றுதான் நாங்கள் எல்லோரும் பகிடி பண்ணுவோம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தவக்காலத்தில் அரசாங்கச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். அதற்கு முன் எங்கள் கரையில் சில பிள்ளைகள் வெளுத்து, வயிறு வீங்கிச் செத்துப்போயிருந்தார்கள். அது தாய் தகப்பனின் இரத்தத்தோடு வருகிற வருத்தமாக, பரம்பரை நோயாக இருக்கலாம், வீட்டுக்கு வீடு இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். போத்தலில் குடும்பப் பேரை எழுதிக் கொழும்புக்கு அனுப்புவாராம்.

கோயில் வளவில் கூடியிருந்த நாங்கள் மெல்லக் கலைய வெளிக்கிட்டோம். எல்லோர் வீட்டிலும் கலியாணத்துக்குப் பிள்ளைகள். யசிந்தாக்காவின் மகள் பிலோமினாவுக்கும் நாவாந்துறையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"டொக்டர் ஐயா, இரத்தம் தாறம். பேர் தரமாட்டம்" என்றார் யசிந்தாக்கா.

"பேர் இல்லாட்டி ஆரின்ரை இரத்தம் எண்டு எனக்கு எப்பிடியம்மா தெரியும்?"

"உங்களுக்கு ஏன் தெரியவேணும்? எங்களுக்குத் தெரிஞ்சால் காணும். நீங்கள் நல்லவர். நாளைக்கு உங்கடை கதிரையிலை ஆர் இருப்பினமோ? எங்கடை பேர் பேரப்பிள்ளையளின்ரை காலம் மட்டும் அங்கை கிடக்கும்."

எங்கள் சிற்றாலயத்தில் வருடப்பிறப்பன்று புனிதர்களின் பேர் எழுதிய சீட்டுகளை ஒரு மண்முட்டியில் போட்டு, வீட்டுக்கு ஒன்று எடுப்போம். விழுந்த புனிதர் அந்த வருடம் அந்த வீட்டுக்குக் காவல். யசிந்தாக்கா அந்த முட்டியைக் கொண்டுவந்து வைத்தார். புதிதாக எடுக்கிற சீட்டை ஒருவருக்கும் காட்டக்கூடாது. போத்தலில் வீட்டுப் பேருக்குப் பதிலாகப் புனிதரின் பேர்.

"செபஸ்தியார் விழுந்த வீடு பயப்பிடாதேங்கோ. அம்பு பட்ட மனுசனுக்கு ஊசி ஒரு கணக்கோ!" என்றார். டொக்டரும் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

பாஸ்காத் திருநாள் முடிய அவர் இரத்தச் சோதனையின் மறுமொழியோடு வந்தார். கோயில் வளவில் வைத்துச் சில புனிதர்களின் பேரை வாசித்தார்.

"இந்த வீட்டுக்காரர் மட்டும் உள்ளை வாங்கோ. தனியக் கதைக்கவேணும். தாய் தகப்பன் ரெண்டு பேரிலையும் இது இருந்தால்தான் பிள்ளைக்கு வருத்தம் வரும்."

அப்போதுதான் நாங்கள் விட்ட பிழை விளங்கியது. எழும்பிப் போனால் ஊருக்குத் தெரியும். போகாவிட்டால் பேரப்பிள்ளை சாகும். ஒருவரும் அசையவில்லை. போதாததற்குப் பிலோமினாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாய் திரேசம்மா அன்றைக்கென்று வந்து வாசல் படலையடியில் நின்றார்.

யசிந்தாக்கா சீலையை உதறிக்கொண்டு எழும்பி, எல்லோரும் பார்க்க உள்ளே போனார். வெளியே வந்ததும், "என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்? அடுத்த ஆள் போங்கோவன்!" என்று எங்களை அதட்டினார். எங்களுக்கு விளங்கிவிட்டது. பேர் வாசித்த வீடு, வாசிக்காத வீடு என்றில்லாமல் எல்லோரும் போனோம். டொக்டர் பொழுதுபடும்வரை இருந்து கதைத்தார்.

திரேசம்மா யசிந்தாக்காவை மறித்தார்.

"நீங்கள்தானே முதல் போனனீங்கள்? உங்கடை சீட்டு எது?"

"சொல்லமாட்டன்."

"ஒண்டும் இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோவன். அடுத்த மாசமே கலியாணத்தை வைப்பம்."

"நான் இல்லையெண்டு சொன்னால் என்ரை பக்கத்து வீட்டுக்காரியும் சொல்லவேண்டி வரும். கடைசியிலை சொல்லமாட்டாமல் நிக்கிறவளை ஊர் பாக்கும். உங்கடை மோன் இரத்தம் குடுக்கட்டும். அவனிலை இல்லையெண்டால் என்ரை வீட்டிலை என்ன இருந்தாலும் பயமில்லையே!"

"என்ரை மோன்ரை இரத்தத்தையோ!" திரேசம்மா திரும்பிப் பாராமல் போனார்.

பேச்சு நின்றது. பிலோமினா சாப்பிடாமல் கிடந்தாள். "ஒரு சொல்லுத்தானே அம்மா" என்று கெஞ்சினாள். அந்த ஒரு சொல்லை யசிந்தாக்கா சொல்லவில்லை. உள்ளே போய்ச் செபமாலையை எடுத்தார்.

கடைசியில் அந்த மாப்பிள்ளைப் பெடியன்தான் தாய்க்குச் சொல்லாமல் சைக்கிளில் வந்தான். எங்கள் முட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனான். மறுமொழி வந்தபின், நத்தார்ப் பண்டிகைக்கு முன் கலியாணம் நடந்தது. திரேசம்மாதான் பந்தியில் முதல் ஆள்.

இப்போது எங்கள் கரையில் பெண் கேட்டு வருகிறவன் முதலில் முட்டிக்குள் கைவிடவேண்டும். யசிந்தாக்கா இன்றும் கடகம் சுமக்கிறார், இன்றும் ஊர்க்கதை எல்லாம் கதைக்கிறார், இந்த ஒன்றைத் தவிர.

என் வீட்டுக்கு எந்தப் புனிதர் விழுந்தார் என்று என்னையும் கேட்காதேயுங்கள். நான் அவரின் பக்கத்து வீட்டுக்காரி.